மறு: ‘எடைப் பகிர்வு’ வேண்டாம், ‘பாரக்கட்டு’ எனலாம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மூச்சடக்கி முக்குளிப்பவர்களும், ஈட்டித் துப்பாக்கியோடு மீன்வேட்டைக்கு இறங்குபவர்களும் உடலில் ஈயத்துண்டுகளைக் கட்டிக்கொள்ளும் முறைக்குச் சென்ற வாரம் நம் கலைச்சொல் குழுவில் மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டன: எடைப் பகிர்வு, நிறைப் பரவல், பளுச் சமன்பாடு. சென்னையை ஒட்டிய நீலாங்கரையிலும் கோவளத்திலும் புதிதாகப் பயிலும் இளைஞர்களுக்கான கையேட்டில் இடம்பெறப்போகும் சொல் என்பதால் விரிவாக எழுதுகிறேன், பொறுத்தருள்க.

‘பளுச் சமன்பாடு’ கணக்குப் புத்தகத்தைத்தான் நினைவூட்டுகிறது; அதை விட்டுவிடலாம். ‘நிறைப் பரவல்’ என்பதில் உள்ள பரவல், தானாக நிகழ்வதைக் குறிக்கும் சொல். நோய் பரவும், வதந்தி பரவும். ஈயம் பரவாது, ஒருவர் யோசித்து அதை ஓரிடத்தில் வைக்க வேண்டும். ‘எடைப் பகிர்வு’ என்றால், படகில் வந்த நான்கு பேரும் ஈயத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டார்கள் என்றே இன்றைய வாசகர் புரிந்துகொள்வார். கைப்பேசி வந்த பிறகு ‘பகிர்’ என்ற சொல்லுக்கு வேறு பொருள் எடுபடுவதில்லை.

நிறையா, எடையா என்ற வாதத்திலும் நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. பள்ளிப் பாடப்படி நிறையைக் கிலோகிராமிலும் எடையை நியூட்டனிலும் சொல்ல வேண்டும். நீருக்குள் நம்மைக் கீழே இழுப்பதோ இவ்விரண்டில் எதுவும் முழுமையாக அல்ல. ஈயத்தின் அடர்த்தி நீரைப்போல் 11.34 மடங்கு. எனவே ஒரு கிலோ ஈயம் கடலில் ஏறத்தாழ 90 கிராம் நீரை விலக்கி, மீதி 910 கிராம் அளவுக்கே இழுக்கும். உடல் உணரும் இந்த இழுப்பைப் பொதுமக்கள் ‘பாரம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். பாடநூல் அச்சொல்லை இன்னும் தனக்கென எடுத்துக்கொள்ளாததால், நாம் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளலாம்.

இனி என் முதன்மையான மறுப்புக்கு வருகிறேன். மூன்று பரிந்துரைகளும், எவ்வளவு ஈயம் என்ற கேள்வியையும், அதை உடலில் எங்கே வைப்பது என்ற கேள்வியையும் ஒரே சொல்லுக்குள் அடைக்கின்றன. ஈயத்தின் அளவு, எந்த ஆழத்தில் நாம் மிதக்காமலும் மூழ்காமலும் நிற்போம் என்பதை முடிவுசெய்கிறது. ஈயத்தின் இடம், நீருக்குள் நம் உடல் எந்தச் சாய்வில் இருக்கும் என்பதை முடிவுசெய்கிறது. இவற்றைக் குழப்பிக்கொண்டவர், கால் மேலே தூக்குகிறது என்பதற்காக இன்னொரு கிலோவைச் சேர்ப்பார். அப்போது சாய்வும் சரியாகாது; மேலே வரும்போது மிதக்க வேண்டிய உடல் மூழ்கத் தொடங்கும்.

அளவின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஒருவருடைய நுரையீரல் முழுமூச்சில் ஆறு லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பதால் அது மூன்று லிட்டராகச் சுருங்கும். 20 மீட்டரில் இரண்டு லிட்டர், 30 மீட்டரில் ஒன்றரை லிட்டர். மிதப்பில் ஏற்படும் பெரிய இழப்பு முதல் பத்து மீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. நுண்ணிய காற்றறைகள் கொண்ட நியோப்ரீன் ரப்பர் உடையும் அவ்வாறே நசுங்கித் தன் மிதப்பை இழக்கிறது. அதனால்தான் முழுமூச்சோடு இறங்கும்போது 10 மீட்டருக்கு மேலே எங்கும் மூழ்காதபடி ஈயத்தைக் குறைத்துக் கட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. ஆழமாகச் செல்பவர்கள் அந்த எல்லையை இன்னும் கீழே தள்ளிவைப்பார்கள். இந்த எல்லைக்குச் ‘சமமிதப்பு ஆழம்’ என்ற பெயரை முன்மொழிகிறேன். ‘நடுநிலை மிதப்பு’ என்று முன்பு எழுதப்பட்டது தேர்தல் செய்தியைப் போல் ஒலிக்கிறது.

மேற்பரப்பில் செங்குத்தாக நின்று, மூச்சை இயல்பாக வெளியே விட்ட பின்னும் தலை முழுகாமல் மிதக்கிறோமா என்று பார்க்கும் சோதனையைப் பயிற்றுநர்கள் செய்யச் சொல்வார்கள். இதையும் 10 மீட்டர் விதியையும் இருவேறு விதிகளாகக் கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். உடை நசுங்குவதை விட்டுவிட்டுப் பார்த்தால் இவை ஏறத்தாழ ஒன்றே. இயல்பாக மூச்சை விட்ட பிறகு நுரையீரலில் எஞ்சுவது சுமார் இரண்டரை முதல் மூன்று லிட்டர்; 10 மீட்டரில் சுருங்கிய நுரையீரலின் அளவும் ஏறத்தாழ அதுவே. மேலேறுகையில் அழுத்தம் குறையக் குறைய உடலிலுள்ள ஆக்சிஜனின் பகுதியழுத்தமும் (வாயுக் கலவையில் ஆக்சிஜன் மட்டும் தரும் அழுத்தம்) சரிவதால், மயக்கம் பெரும்பாலும் கடைசிச் சில மீட்டர்களிலோ மேற்பரப்பை எட்டிய பின்னரோதான் வருகிறது. அந்த நேரத்தில் மூச்சு வெளியேறிவிட்ட உடலும் மிதந்துகொண்டிருக்க வேண்டும் என்பதே அச்சோதனையின் நோக்கம்.

அளவு, ஆளுக்கு ஆள் மட்டுமல்லாமல் நீருக்கு நீரும் மாறும். வேளச்சேரி நீச்சல் குளத்தில் சரிபார்த்துக் கட்டிய ஈயத்தோடு கோவளத்தில் இறங்கும் 70 கிலோ எடையுள்ளவர், கடல்நீர் இரண்டரை விழுக்காடு அடர்த்தி மிகுந்தது என்பதால் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் கிலோ அதிகமாக மிதப்பார். மறுபுறம், குளிர்க்கடல் நாடுகளின் கையேடுகள் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள உடையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வெதுவெதுப்பான நம் கடலில் மெல்லிய உடையோ வெறும் சட்டையோ அணிபவர் அந்தக் கிலோக் கணக்கை அப்படியே எடுத்தால் ஆபத்து. ஆகவே சொற்பட்டியலின் விளக்கத்தில் எந்த இடத்திலும் கிலோ எண் வரவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது இடம். மிதப்பு நெஞ்சில் இருக்கிறது. உடற்பாரத்தின் மையமோ தொப்புளுக்குக் கீழே. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே உடலைச் சாய்க்கிறது. குளத்தில் நீருக்கடியில் கிடைமட்டமாக நீந்துபவர்கள் கழுத்தில் ஈயம் அணிவது, நுரையீரலின் தூக்கலை அதன் பக்கத்திலேயே அடக்குவதற்காக. இதற்குச் சைக்கிள் டியூபை வெட்டி, ஈய ரவையை நிரப்பி, நுனிகளை மடித்து டேப் சுற்றிக்கொள்வது பலரும் செய்யும் கைவேலை. ரவை உள்ளே உருளாதபடி இறுகச் சுற்றுவதில்தான் திறமை இருக்கிறது. இடுப்பில் மட்டும் ஈயம் கட்டியவருக்கு நெஞ்சு மேலேயும் இடை கீழேயுமாக உடல் வளையும். காலில் மாட்டிய துடுப்பை அடிக்க அடிக்க முதுகின் கீழ்ப்பகுதி நோகும். கணுக்காலில் அரைக் கிலோ கட்டினால் மேற்பரப்பில் துடுப்பு நீரை விட்டு வெளியே வராது. ஆனால் ஒவ்வோர் உதைக்கும் அந்த அரைக் கிலோவைச் சேர்த்து ஆட்ட வேண்டியிருப்பதால் கால் விரைவில் சோரும்.

இந்தச் சாய்வுக்கு நாம் சொல் தேட வேண்டியதே இல்லை. மாட்டுவண்டி ஓட்டியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்லிவந்தார்கள். முன்பாரமானால் மாட்டின் கழுத்தில் அழுத்தும், பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கும். மூட்டையைக் கூட்டாமல் குறைக்காமல் இடம் மாற்றியே அதைச் சரிசெய்வார்கள். நமக்கு வேண்டிய பொருளும் இதுவே. தலை தாழ்ந்தால் முன்பாரம், கால் தாழ்ந்தால் பின்பாரம். தலைப்பாரம் என்று எழுதலாமே என்று ஓர் அம்மையார் கேட்டிருந்தார். அச்சொல்லைச் சளி பிடித்தவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

செயலுக்கு நான் முன்மொழிவது ‘பாரக்கட்டு’. ஈயம் கட்டுதல் என்று பேச்சிலும் சொல்லலாம், ‘பாரக்கட்டு சரியில்லை’, ‘பாரக்கட்டை மாற்று’ என்று தொடரிலும் தடையின்றி வரும். அளவைத் தனியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘பார அளவு’ என்போம். ‘பாரநிலை’ என்ற பரிந்துரை அழகானதுதான். ஆனால் மூச்சடக்கி முக்குளிப்போருக்காக 1992இல் தொடங்கப்பட்ட ஐடா (AIDA) அமைப்பின் போட்டிப் பிரிவுகளில், கொண்டு சென்ற பாரத்தை விடாமல் மேலே கொண்டுவர வேண்டிய பிரிவுக்கு ‘நிலைப்பாரம்’ என்று சென்ற மாதம் முடிவுசெய்துவிட்டோம். பாரநிலையும் நிலைப்பாரமும் ஒரே பக்கத்தில் வந்தால் மெய்ப்புத் திருத்துபவரே தடுமாறுவார்.

மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பிலிருந்து சொல் எடுக்கலாம் என்று தூத்துக்குடி நண்பர் எழுதியிருந்ததை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்கி, தரை தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள். மேலே இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். அது உடலில் கட்டாத பாரம். கனமான பொருளைப் பற்றி இறங்கி, அதை அடியிலேயே விட்டு ஏறும் ‘மாறுபாரம்’ பிரிவுக்கான விளக்கத்தில் அந்தக் கல்லைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். பாரக்கட்டுக்கு அது பொருந்தாது.

ஈயத்துண்டுகள் கோத்த பட்டைக்கு ‘இடுப்புவார்’, ‘இடைவார்’ என இரண்டும் பட்டியலில் உள்ளன. இரண்டுக்கும் மாற்றாக ‘அரைவார்’ என்கிறேன். இடை என்றவுடன் கை விலாவுக்குக் கீழே ஒடுங்கிய பகுதிக்குப் போகிறது. அங்கே இறுக்கினால் வயிறு விரியாது. மூச்சு எடுத்துத் தயாராவதே வயிற்றால்தான் என்பதால் அது பெருங்குறை. பட்டை, அரைஞாண் கிடக்கும் இடத்தில், இடுப்பெலும்பின்மேல் அமர வேண்டும். ஆழத்தில் உடை நசுங்கினாலும் கூடவே சுருங்கிப் பிடித்துக்கொள்ள ரப்பர் வார் வேண்டும். நைலான் வார் தளர்ந்து, தலைகீழாக இறங்குகையில் நெஞ்சை நோக்கி வழுகும். துண்டுகளை இரு பக்கமும் சமமாகக் கோத்து, கொக்கியின் அருகே எதையும் வைக்காமல் விடுவது, ஒரே இழுப்பில் வாரை அவிழ்ப்பதற்காக. இவ்வளவையும் சொற்பட்டியலில் சொல்ல முடியாது, ஆனால் ‘அரை’ என்ற ஓரசை பாதியைச் சொல்லிவிடுகிறது.

ஈயம் ஏற்றி அணியும் மேற்சட்டைக்கான ‘பாரச்சட்டை’ குறித்து எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆழம் குறைந்த பாறைகளில் படுத்து மீனுக்குக் காத்திருப்பவருக்கு, நுரையீரல் அதிகம் சுருங்காத அந்த நான்கைந்து மீட்டரில் தங்க ஈயம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. முழுவதையும் அரைவாரில் போட்டால் முதுகு தாங்காது என்பதால் ஒரு பகுதியைச் சட்டையில் ஏற்றுகிறார்கள். வாரை ஒரு கையால் கழற்றிவிடலாம். சட்டையை மயங்கும் தறுவாயில் கழற்ற முடியாது. எனவே வாரைக் கழற்றிய பின், சட்டையோடு மட்டும் மேற்பரப்பில் மிதக்குமளவுக்கே அதில் ஈயம் இருக்கலாம் என்பதைச் சொல்விளக்கத்தின் முதல் வரியாகவே எழுத வேண்டும். உடற்பயிற்சிக்கூடத்தில் மணல் நிரப்பி அணிவதற்கும் இதே பெயர் வழங்கிவருவதால், கடையில் கேட்டால் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். வேறு சொல் கைவசம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால், மற்ற சொற்களோடு சேர்த்து வாக்கெடுப்புக்கு வைக்கலாம்.

அன்புடன்,
நீலாங்கரையிலிருந்து ஓர் உறுப்பினர்