புதுப்பிப்பு: கென்டக்கி கிங்டம் டிராப் டவரில் பிரேக்கா, கேபிளா?

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் உள்ள கென்டக்கி கிங்டம் கேளிக்கைப் பூங்காவில், ஆட்களை உயரே தூக்கிச் சட்டென்று விழவிடும் 'டிராப் டவர்' ராட்டினத்தில், 2007 ஜூன் 21-இல் 13 வயதுச் சிறுமியின் இரு பாதங்களும் துண்டான விபத்தில் பிரேக் போனதா என்று கேட்டிருந்தேன். "வேளாண் துறை அறிக்கையைப் பார்" என்றார் ஒருவர். நான் கிண்டல் என்று நினைத்தேன். கென்டக்கியில் ராட்டினச் சோதனை அந்தத் துறையிடம்தான் இருந்ததாம்!

விடை: கேபிள். அதுவும் விழும்போது அல்ல, மேலே ஏறும்போதே அறுந்து பயணிகள் மேல் சுருண்டது. காரணம் உலோகச் சோர்வு: கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒடியுமே, அதே கதை. ராட்டினத்தை இயக்கிய ஊழியர் உடனே நிறுத்தவில்லை என்றும் அறிக்கை குறை சொன்னது. விழும் இருக்கைகளின் வேகத்தைக் குறைக்கும் காந்த பிரேக் மேல் பழி போட்ட நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அப்புறம், தேடுபவர்களுக்கு ஒன்று: 177 அடிக் கோபுரம் 1995-இல் திறந்தபோது பெயர் 'ஹெல்லிவேட்டர்'. 2007-இல்தான் 'சூப்பர்மேன்' ஆனது. பழைய செய்திகளுக்குப் பழைய பெயரைப் போடுங்கள். சிறுமியின் வலது பாதத்தை மட்டும் மீண்டும் பொருத்த முடிந்தது. கோபுரத்தை 2008-இல் பிரித்துவிட்டார்கள்.