சந்தேகம்: உறையாத வகைக் குழாய் உறைந்து வெடித்தது எப்படி? கறிவேப்பிலையை எப்போது உள்ளே எடுக்க வேண்டும்?

பூவரசு (ஸ்காபரோ, கனடா), செப்டெம்பர் 12

அனைவருக்கும் வணக்கம். சொந்த வீட்டில் இது எங்களுக்கு இரண்டாவது இலையுதிர்காலம். அதற்கு முன் பதினொரு ஆண்டுகள் அடுக்குமாடியில் இருந்தபடியால், குளிர் தொடங்குமுன் ஒரு வீட்டுக்கும் வளவுக்கும் என்னென்ன செய்ய வேண்டும் என்று அறிந்துகொள்ளும் தேவையே எமக்கு இருக்கவில்லை. சென்ற ஆண்டு அறியாமல் விட்ட பிழைகளுக்கு இந்த ஆண்டு தண்டம் கட்டினோம்.

முதலாவது, பின்சுவரில் உள்ள தண்ணீர்க் குழாய். வீடு வாங்கும்போது பரிசோதிக்க வந்தவர், இது உறையாத வகை, உள்ளே எதையும் பூட்டத் தேவையில்லை என்று கூறியிருந்தார். குளிர்காலம் முழுவதும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மே மாதத்தில் மிளகாய்க் கன்றுகளுக்கு நீர் விடுவதற்காக அதைத் திறந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது, பேஸ்மென்ட் கூரையிலிருந்து மழை பெய்கிறது என்று மகள் ஓடி வந்தாள். கூரைப் பலகையை வெட்டி எடுத்துப் பார்த்தபோது, சுவருக்கு உட்புறத்தில் குழாயின் செப்புத் தண்டு ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. நான் ஹோஸைக் கழற்றிச் சுருட்டிக் கராஜில் வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்படியிருக்க அது ஏன் உறைந்தது? குளிரில் வெடித்திருந்தால் ஏன் அப்போதே ஒழுகவில்லை?

இரண்டாவது, ஐந்து ஆண்டுகளாகச் சாடியில் வளர்த்த கறிவேப்பிலை. ஒக்டோபர் நடுவில் ஒருநாள் இரவு கடுங்குளிர் என்று அறிந்ததும் அவசரமாகத் தூக்கி வந்து, வரவேற்பறை ஜன்னலோரமாக, சூட்டுக் காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். மூன்று வாரத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. நீர் போதவில்லையென எண்ணித் தினமும் ஊற்றினேன். அடியில் தரை பிசுபிசுவென்று ஒட்டியது. தை மாதத்தில் வேர் அழுகி மணத்தது. இப்போது புதிதாக ஒரு கன்று இரண்டடி உயரத்தில் நிற்கிறது. இதையாவது காப்பாற்ற வேண்டும்.

கூரைப் பீலியைத் துப்புரவு செய்வது, தோட்டத்தை மூடுவது பற்றியும் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செப்புக்குழாய் (மார்க்கம்), செப்டெம்பர் 12

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். உங்களுடைய கதையை ஒவ்வொரு மே மாதமும் நாலைந்து வீடுகளில் கேட்கிறேன்.

உறையாத குழாய் என்பது பெயரளவில்தான். வெளியே நீங்கள் திருகும் கைப்பிடி, ஏறத்தாழ ஓர் அடி நீளமான தண்டொன்றின் வழியாக, சுவரைத் தாண்டி வீட்டின் சூடான பக்கத்தில் இருக்கும் அடைப்பானைத் திறந்து மூடுகிறது. மூடியதும் அடைப்பானுக்கு இப்பாலுள்ள தண்டில் மிஞ்சிய நீர் தானாக வெளியே வடிந்துவிட வேண்டும். வடிந்தால் அங்கே உறைவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் குழாய் வாயில் ஏதாவது பூட்டப்பட்டிருந்தால் காற்று உட்புக வழியில்லாமல் நீர் தண்டுக்குள்ளேயே நிற்கும். நீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது. செப்பு அதைத் தாங்காது.

குளிர்காலத்தில் ஏன் ஒழுகவில்லை என்றால், பிளவு அடைப்பானுக்கு வெளிப்பக்கத்தில் இருக்கிறது. அடைப்பான் மூடியிருக்கும்வரை அங்கே நீர் வருவதில்லை. வசந்தத்தில் திறக்கும்போதுதான் நீர் பாதி வெளியிலும் பாதி சுவருக்குள்ளும் பாய்கிறது. ஆகவே இனி ஒவ்வொரு வசந்தத்திலும் முதன்முறை திறக்கும்போது குழாய் வாயைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். நீரின் வேகம் விரலைத் தள்ளிக்கொண்டு வந்தால் குழாய் நலமாக இருக்கிறது. விரலால் இலகுவாக அடைக்க முடிந்தால் நீர் வேறு வழியில் போகிறது என்று பொருள்; உடனே மூடிவிட்டுப் பேஸ்மென்டுக்கு ஓடுங்கள்.

ஹோஸைக் கழற்றியதாகக் கூறுகிறீர்கள். வேறு எதுவும் பூட்டியிருந்ததா? முன்பக்கத்தில் இன்னொரு குழாய் இருக்கிறதா?

பூவரசு, செப்டெம்பர் 13

அண்ணா, உங்கள் கேள்வியை வாசித்தவுடன் வெளியே போய்ப் பார்த்தேன். ஒரு குழாயை இரண்டாகப் பிரிக்கும் பித்தளைக் கிளை ஒன்றை முந்திய சொந்தக்காரர் பூட்டியிருந்தார். பழுது பார்த்தவரும் புதிய குழாயில் அதையே திரும்பப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஹோஸைக் கழற்றிய நான், அந்தக் கிளையின் இரண்டு சிறு வால்வுகளையும் இறுக்கமாக மூடிவிட்டிருந்தேன். இப்போது அதைக் கழற்ற முயன்றேன், அசைய மறுக்கிறது. முன்பக்கத்தில் ஒரு குழாய் உண்டு. அது பழைய வகை.

செப்புக்குழாய், செப்டெம்பர் 13

கள்ளன் அகப்பட்டுவிட்டான். அந்த இரண்டு வால்வுகளை மூடியதும் ஹோஸைக் கழற்றாமல் விட்டதும் ஒன்றுதான்.

கழற்றும்போது கிளையை மட்டும் பிடித்துத் திருகினால் சுவருக்குள் இருக்கும் தண்டும் சேர்ந்து முறுகும். ஒரு திருகுச்சாவியால் (ஸ்பானரால்) குழாயின் உடலை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதால் கிளையைத் திருக வேண்டும். இறுகியிருந்தால் திருகு மறைக்குள் ஊடுருவும் எண்ணெய் தெளித்து ஓர் இரவு விடுங்கள். எப்படியும் கழறாவிட்டால், குளிர்காலம் முழுவதும் இரண்டு வால்வுகளையும் திறந்தே வைத்திருங்கள்.

பழைய வகைக்கு முறை வேறு. பேஸ்மென்டில் அந்தக் குழாய்க்குப் போகும் வழியில் ஓர் அடைப்பான் இருக்கும். அதை மூடிவிட்டு, வெளியே குழாயைத் திறந்து வடிய விடுங்கள். பிறகு அடைப்பானின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய மூடியைக் கீழே ஒரு கிண்ணம் பிடித்துக்கொண்டு கழற்றினால், இடையில் நின்ற நீரும் இறங்கும். மூடியைத் திரும்பப் பூட்டலாம். வெளிக்குழாயைத் திறந்தபடியே விட வேண்டும். ஒக்டோபர் கடைசிக்கு முன் செய்தால் போதும்.

கொல்லைப்புறம் (பிரம்டன்), செப்டெம்பர் 14

தம்பி, என்னுடைய கறிவேப்பிலைக்கு இருபத்திரண்டு வயது. முதல் மூன்று கன்றுகளையும் நீங்கள் செய்தது போலவே செய்து கொன்றேன் என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

உறைபனிக்காகக் காத்திருந்ததே முதற்பிழை. இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போதே அது உள்ளே இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அது செப்டெம்பர் பிற்பகுதி. வீட்டில் ஃபேர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) ஓடத் தொடங்குமுன் உள்ளே வந்துவிட்டால், வெளிக்காற்றுக்கும் உட்காற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லாத நாட்களில் அது பழகிக்கொள்ளும். நான் ஒரு வாரம் நிழலான இடத்தில் வைத்துவிட்டு, அடுத்த வாரம் இரவில் மட்டும் உள்ளே எடுத்து, அதன் பிறகே நிரந்தரமாக வைக்கிறேன். சூட்டுக் காற்று நேராகப் படும் இடம் மட்டும் வேண்டாம். அந்த வறண்ட காற்றில் சிலந்திப் பேன் பெருகும்.

தரையில் ஒட்டிய பிசுபிசுப்பு மரத்தின் பால் அல்ல, செதிற்பூச்சியின் கழிவு. தண்டைக் கூர்ந்து பாருங்கள்: எள்ளைவிடச் சற்றுப் பெரிய, கபில நிறமான கொப்புளம் போல ஒட்டியிருக்கும், மரத்தின் ஒரு பகுதி என்றே நினைப்போம். நகத்தால் சுரண்டினால் கழன்று வரும், உள்ளே ஈரமாக இருக்கும். பஞ்சுக் குச்சியை மருந்துக்கடை ஆல்கஹோலில் தோய்த்து ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள். பிறகு பூச்சிகளுக்கென விற்கும் சவர்க்காரக் கரைசலை இலையின் அடிப்பக்கமும் நனையும்படி வாரத்துக்கு ஒருமுறை, மூன்று வாரம் தெளியுங்கள். கடைசித் தெளிப்பு மரம் உள்ளே வருமுன் முடிய வேண்டும்.

நீர் விஷயத்தில் மனத்தைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். வெளிச்சம் குறைந்த மாதங்களில் அது வளர்வதில்லை, குடிப்பதும் இல்லை. விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, அங்கேயும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். பங்குனி வரை உரம் வேண்டாம். இவ்வளவு செய்தும் இலை கொட்டினால் பதறாதீர்கள். பட்டையை நகத்தால் மெல்லக் கீறுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, சித்திரையில் துளிர்க்கும்.

ஆவரங்கால் (ஸ்காபரோ), செப்டெம்பர் 14

அக்கா கூறியதில் எனக்கு ஒரு சிறு மாறுபாடு உண்டு. உள்ளே எடுக்குமுன் நான் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, இலைகளைக் கழுவிக் காயவிட்டு உறைபெட்டியில் வைத்துவிடுகிறேன். பூச்சி ஒளிந்திருக்க இடம் குறையும், குளிர்காலம் முழுக்கக் குழம்புக்கும் கிடைக்கும்.

கொல்லைப்புறம், செப்டெம்பர் 14

பெரிய மரத்துக்கு அது சரி. தம்பியின் கன்று இரண்டடிதான். இந்த ஆண்டு கத்தியைக் காட்டாமல் விடுவது நல்லது என்பதே என் எண்ணம்.

செப்புக்குழாய், செப்டெம்பர் 15

பீலி பற்றி யாரும் எழுதவில்லை. உங்கள் தெருவில் நிற்பவை நோர்வே மேப்பிள் மரங்கள் என்றால், ஒக்டோபரில் வரும் நன்றிநவிலல் நாள் விடுமுறையில் ஏணி ஏறுவது வீண்வேலை; அவை மற்ற மேப்பிள்கள் கொட்டி முடித்த பிறகும் நவம்பர் வரை இலையைப் பிடித்திருக்கும். (அந்த இலைகளில் தார் தெளித்தது போன்ற கரும்புள்ளிகளைக் கண்டு கலங்க வேண்டாம், அது ஒரு பூஞ்சணம், மரத்துக்குப் பெரிய கேடில்லை.) இப்போது கீழிறங்கும் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று மட்டும் ஹோஸால் நீர் விட்டுப் பாருங்கள். முழுத் துப்புரவை நவம்பர் நடுவில் ஒரே தடவையாகச் செய்யுங்கள். இதைத் தவறவிட்டால் பீலி நிறைந்து வழியும் நீர் அத்திவாரத்தோடு இறங்கிப் பேஸ்மென்டுக்குள் வரும். கீழ்க்குழாயின் முனை சுவரிலிருந்து ஆறடியாவது தள்ளி நீரை விட வேண்டும். ஏணியை நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் வெளியே தள்ளி நிறுத்துங்கள். தனியாக ஏற வேண்டாம்.

ஃபேர்னஸ் வடிகட்டியை மாற்றும்போது அதன் அம்புக்குறி இயந்திரத்தை நோக்கி இருக்க வேண்டும். எரிவாயு ஃபேர்னஸ் உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகில் கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் 2014 முதல் சட்டம். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னோக்கித் திருப்பும்போது அதையும் அழுத்திச் சோதித்துவிடுங்கள்.

கொல்லைப்புறம், செப்டெம்பர் 15

தோட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன். உறைபனி எச்சரிக்கை வந்த மாலையிலேயே தக்காளியைப் பச்சையாக இருந்தாலும் பிடுங்கிவிடுங்கள். ஒரு வாழைப்பழத்தோடு கடதாசிப் பையில் வைத்தால் பழுக்கும். ஒக்டோபரில் உள்ளி நடலாம்: பல்லின் கூர்முனை மேலே பார்க்க, இரண்டு அங்குல ஆழத்தில், ஆறு அங்குல இடைவெளியில் ஊன்றி, மேலே நான்கு விரல் தடிப்பில் சருகு போட்டு மூடுங்கள். ஆடியில் கிண்டலாம். இதனால் மேப்பிள் சருகில் பாதிக்கு வேலை கிடைத்துவிடும். மீதியைப் புல்வெட்டும் இயந்திரத்தால் அரைத்துப் புல்லிலேயே விடலாம். வாசலில் வைப்பதென்றால் கடதாசிப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் இருந்தால் மாநகரசபை எடுக்காது.

பூவரசு, நவம்பர் 17

அண்ணாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. தாமதத்துக்கு மன்னிக்கவும். பித்தளைக் கிளை இரண்டாம் நாள் எண்ணெய்க்குப் பிறகு கழன்றது. அதைக் கழற்றியபோது ஏறத்தாழ அரைக் கோப்பை நீர் என் சட்டைக் கைக்குள் ஊற்றியது. குழாயோ முதல்நாள் காலையிலிருந்து மூடியே இருந்தது. முன்பக்கக் குழாயின் அடைப்பானைத் தேட ஒரு மணிநேரம் பிடித்தது, சலவை இயந்திரத்துக்குப் பின்னால் கூரையோடு ஒட்டி இருந்தது. இப்போது அதில் ஒரு சிவப்பு நாடா கட்டியிருக்கிறேன். பீலி நேற்றுத்தான் முடிந்தது; மைத்துனர் ஏணியைப் பிடித்தார். தக்காளியில் பாதி பழுத்தது, பாதி ஊறுகாயானது.

கறிவேப்பிலை செப்டெம்பர் 27 முதல் தெற்குப் பக்க அறையில் இருக்கிறது. தண்டில் ஆறு செதிற்பூச்சிகளை எடுத்தேன். இதுவரை பதினான்கு ஈர்க்குகள் உதிர்ந்திருக்கின்றன. நுனி இன்னும் பச்சையாக நிற்கிறது. பத்து நாட்களுக்கு ஒருமுறைதான் நீர் கேட்கிறது. அவ்வளவு குறைவாக ஊற்றுவது சரிதானா, அக்கா?

கொல்லைப்புறம், நவம்பர் 17

சரிதான். மார்கழியில் பதினைந்து நாட்கள் ஆனாலும் விரலை நம்புங்கள், நாட்காட்டியை நம்ப வேண்டாம்.