புதுப்பிப்பு: வாத்துக் கொட்டகைச் சேறு

கொட்டகை எந்நேரமும் சொதசொதவென்று கிடக்கிறது, என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேன். வாத்துகள் குடிக்கும் தண்ணீரை வெளியே மாற்றியதிலேயே பாதித் தொல்லை தீர்ந்தது. ஜல்லி நிரப்பிய குழி, மேலே கம்பிவலை அடித்த மரச்சட்டம், அதன்மேல் தொட்டி. அலகை அலசி அலசிச் சிந்துவதெல்லாம் வலை வழியே இறங்கி வாழைக்குப் போகிறது. தொட்டியில் வாத்தின் தலை முங்கும் ஆழம் போதும். குளம் வெட்டச் சொன்னவர்கள் கோபிக்க வேண்டாம்!

இரவில் தண்ணீர், தீவனம் இரண்டையும் எடுத்துவிடுகிறேன். உள்ளே உமிதான், நனைந்த இடத்தை மட்டும் வாரிவிட்டுப் புது உமி போடுகிறேன்.

அப்புறம், தீவனத்தை அளவாகப் பிசையுங்கள். மிச்சம் பூஞ்சை பிடித்தால் அந்த நஞ்சைக் கோழி அளவுக்கு வாத்து தாங்காது. காலை 8, 9 மணிவரை அடைத்து வைத்தால் முட்டையும் பெரும்பாலும் உள்ளேயே கிடைத்துவிடும்.