கியூபெக்கில் பிரெஞ்சு தெரியாதவர்களை எப்படி நடத்துகிறார்கள்?

கீழக்கரையிலிருந்து கேள்வி:
கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள மாண்ட்ரியாலில் படிக்கும் மகளைப் பார்க்க நானும் மனைவியும் செல்லவிருக்கிறோம். அங்கே ஆங்கிலத்தில் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று எங்கள் தெருவில் பலரும் பயமுறுத்துகிறார்கள். உண்மைதானா?

தொண்டியிலிருந்து பதில்:
பயப்பட வேண்டாம், காக்கா (அண்ணா). நான் அந்நகரில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன். 1977ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தின் பிறகு கடைப் பலகைகளில் பிரெஞ்சுக்கே முதலிடம். பிரான்சிலேயே 'ஸ்டாப்' என்றிருக்கும் சாலைப் பலகையில்கூட கியூபெக்கில் 'அரே' (பிரெஞ்சில் 'நில்') என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் கடைக்காரர்கள் பலர் பிரெஞ்சு வணக்கத்தையும் ஆங்கில வணக்கத்தையும் 'போன்ஜூர், ஹாய்' என்று சேர்த்தே வரவேற்பார்கள். நாம் எந்த மொழியில் பதில் சொல்கிறோமோ அதிலேயே பேச்சு தொடரும். 2017இல் 'போன்ஜூர்' மட்டும் சொல்லுங்கள் என்று மாகாணச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஒருமுறை ரொட்டிக் கடையில் வணக்கம்கூடச் சொல்லாமல் ஆங்கிலத்தில் விலை கேட்டேன். அந்த அம்மா 'போன்ஜூர்' என்று சொல்லிவிட்டு, நான் திருப்பிச் சொல்லும்வரை கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைக்காமல் காத்திருந்தார். பிறகு நல்ல ஆங்கிலத்தில் விலையைச் சொன்னார்.

ராமேசுவரத்திலிருந்து பதில்:
இங்கே ஆட்டோ ஓட்டும் எனக்கு இது புதிதல்ல. எடுத்த எடுப்பில் இந்தியில் 'கித்னா?' (எவ்வளவு?) என்பவரைவிட, தப்பும் தவறுமாக 'வணக்கம் அண்ணா' என்பவரிடம் பேரம் பேசவே மனம் வராது.

கீழக்கரையிலிருந்து:
நன்றி, தம்பிகளே. 'போன்ஜூர்' பழகிவிட்டோம், நன்றி சொல்லும் 'மெர்சி'தான் என் மனைவி வாயில் இன்னும் 'மேஸ்திரி'யாகவே வருகிறது.