டி.டி.எட். (தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் பயிற்சி) முடித்து தொலைநிலையில் பி.எட். போனவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

கரும்பலகை:
பட்டறை, இன்டர்ன்ஷிப், ரெக்கார்டு எல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும். வாய்மொழித் தேர்வில் நடந்ததை மட்டும் சொல்றேன். ஒரு டீச்சரோட ரெக்கார்டு, அதாவது நடத்திய பாடங்களின் குறிப்பேடு. பழுப்பு அட்டை, சிவப்பு மையில் மார்ஜின், அச்சுக் கோத்த மாதிரி கையெழுத்து. தேர்வாளர் பாடக்குறிப்பைப் படிக்கவே இல்லை. மேசை நாட்காட்டியைப் பக்கத்தில் இழுத்து வைத்து, தேதிகளை மட்டும் விரலால் ஓட்டிக்கிட்டே வந்தார். பதினேழாவது பாடக்குறிப்பில் விரல் நின்றது. ஜனவரி 15.

"பொங்கல் லீவுல எட்டாம் வகுப்புக்கு ஒளிவிலகல் நடத்தியிருக்கீங்களா டீச்சர்?"

அந்த டீச்சர் உண்மையிலேயே பாடம் நடத்தியவர். பிள்ளைகள் எழுதிய பயிற்சித்தாள் கட்டு பையிலேயே இருந்தது. தவறு எங்கேன்னா, நடத்தியது ஒரு மாதம், எழுதியது ரெண்டு ராத்திரி. உட்கார்ந்த இடத்தில் வரிசையாகத் தேதி போட்டதில் பண்டிகையும் ஞாயிறும் உள்ளே வந்துவிட்டன. வகுப்பு முடிந்த அன்றே வழிகாட்டி ஆசிரியர் கையெழுத்தை, அவர் கையாலேயே தேதியோடு வாங்குங்க. மாத முடிவில் மொத்தமாக வாங்கினால் எல்லாப் பக்கத்திலும் ஒரே மை, ஒரே சாய்வு. அதுவே காட்டிக் கொடுத்துடும்.

சாக்குத்தூள்:
அதே தேதிப் பிரச்சினை, வேற இடத்தில். இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.எட்.டில் ஆண்டுக்கு ஒரு பட்டறை, தலா 12 நாள், எல்லா நாளும் இருந்தாகணும். தற்செயல் விடுப்பும் ஆண்டுக்கு 12 நாள்தானே, சரியாப் போச்சுன்னு ஒரு சார் விண்ணப்பம் எழுதிட்டார். இடையில் வரும் விடுமுறையையும் சேர்த்து ஒரே தொடர்ச்சியாக 10 நாளுக்கு மேல் அந்த விடுப்பில் போக முடியாது. பத்தாம் நாள் சாயங்காலம் தலைமையாசிரியர் போன். பட்டறைக் கூடத்து வாசலில் போனைக் காதில் வைத்தபடி, உள்ளே மைக்ரோ டீச்சிங்குக்கு (சில நிமிடப் பயிற்சிப் பாடம்) தன் பெயரைக் கூப்பிடுவதைக் கேட்டுக்கிட்டு நின்றார். உள்ளே போனால் பள்ளியில் முறையற்ற வருகையின்மை, வெளியே போனால் பட்டறை மறுபடி முதலிலிருந்து.

கோடை விடுமுறையில் பட்டறை விழுந்தால் இந்தச் சிக்கலே இல்லை. வேலை நாளில் விழுந்தால் ஈட்டிய விடுப்புதான், அதுவும் பட்டறை அட்டவணையின் நகலோடு முன்கூட்டியே. பள்ளி வருகைப்பதிவேட்டிலும் பட்டறை வருகைத்தாளிலும் ஒரே நாளில் கையெழுத்து இருக்கவே கூடாது. பதவி உயர்வு நேரத்தில் இரண்டையும் எடுத்து வைத்துப் பார்ப்பாங்க.

வைகைக்கரை:
எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கிறது பயிற்றுமொழி. சான்றிதழ் சரிபார்ப்பு மேசை. ஒரு தங்கச்சி, ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை முழுக்கத் தமிழ்வழி. ஒவ்வொன்றுக்கும் தமிழ்வழிச் சான்று, பிளாஸ்டிக் உறையில் தனித்தனியாக. பி.எட். தாளுக்கு வந்ததும் அந்த உறை மட்டும் காலி. இக்னோவில் பி.எட். ஆங்கிலம், இந்தி இரண்டில்தான். "வகுப்பு எடுத்ததெல்லாம் தமிழ்லதான் சார்"ங்கிறார் அந்தத் தங்கச்சி. உண்மைதான். ஆனா தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை தரும் சட்டம் கேட்பது பயிற்றுமொழியை. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பணிக்குரிய கல்வித் தகுதி முழுவதும் தமிழ்வழியாக இருந்தால்தான் 20 சதவீத ஒதுக்கீடு. பட்டதாரி ஆசிரியர் பணிக்கு பி.எட்.டும் அந்தத் தகுதியில் ஒன்று. அவர் மதிப்பெண்ணுக்கு அந்த ஒதுக்கீட்டில் இடம் நிச்சயம் இருந்தது.

தமிழ்வழியில் படிச்சவங்க தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைத் தவிர வேற எதையும் பார்க்கவே பார்க்காதீங்க. அங்கே தமிழ்வழி இருக்கு.

மூன்றாம் மணி:
வைகைக்கரை சார், மன்னிக்கணும், "பார்க்கவே பார்க்காதீங்க"ன்னு எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லாதீங்க. 20 சதவீதம் நேரடி நியமனத்துக்கு மட்டும். ஏற்கெனவே இடைநிலை ஆசிரியராக இருந்து பதவி உயர்வுக்காக பி.எட். படிக்கிறவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அவரைத் தடுக்கப்போவது டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாள்.

2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அன்று ஓய்வறையில் ஒரு மூத்த சார் செல்போனைக் கண்ணுக்கு அருகில் வைத்து ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிச்சார். ஓய்வுக்கு ஐந்தாண்டுக்குக் குறைவாக இருப்பவர் டெட் இல்லாமலே பணியில் தொடரலாம், பதவி உயர்வு வேண்டுமென்றால் அவருக்கும் டெட் வேண்டும். பி.எட். முடித்து வருஷக்கணக்கில் முன்னுரிமைப் பட்டியலில் காத்திருந்த மனுஷன்.

அதனால் பி.எட். சேர்ந்த மாதத்திலிருந்தே இரண்டாம் தாளுக்குப் படிங்க. 150 கேள்வி: குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, மீதி 60 கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியல். பொதுப்பிரிவுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி. பலர் விழுவது அந்த 60இல். தமிழ் இலக்கியம் படித்தவர் தமிழாசிரியர் ஆகப் போனாலும் அந்த 60ஐ கணிதம்-அறிவியலிலோ சமூக அறிவியலிலோதான் எழுதணும். தமிழில் 30க்கு 28 வாங்கி, அந்த 60இல் சறுக்கி, 86இல் நிற்பாங்க. தமிழ், ஆங்கிலப் பட்டதாரிகள் கண்ணை மூடிக்கிட்டு சமூக அறிவியலை எடுங்க. ஆறு முதல் பத்து வரை சமச்சீர்ப் பாடநூலை வரி விடாமல் படிச்சா 45 வரும். கைடு வேண்டாம், பாடநூல் போதும். வரைபடத்தையும் காலக்கோட்டையும் விட்டுடாதீங்க. குழந்தை வளர்ச்சிப் பகுதிக்குத் தனியாக உழைக்க வேண்டியதில்லை, பி.எட். முதலாண்டு உளவியல் பாடமே அதுதான். அசைன்மென்ட் எழுதும்போதே பியாஜே, கோல்பர்க் சொன்ன வளர்ச்சி நிலைகளையும் வைகாட்ஸ்கியின் கருத்துகளையும் ஒரு தாளில் போட்டு வச்சுக்கோங்க. தேர்ச்சிச் சான்று இப்போது ஆயுள் முழுவதும் செல்லும், ஆகவே சீக்கிரம் எழுதுவதில் இழப்பு எதுவும் கிடையாது.

வேப்பமரம்:
நீங்க ரெண்டு பேரும் உள்ளே போனவங்களைப் பற்றிப் பேசுறீங்க. வாசலிலேயே திரும்பினவரைப் பற்றி ஒன்று. தனியார் பள்ளியில் பத்தாண்டு பணி அனுபவச் சான்று, முத்திரை, தாளாளர் கையெழுத்து எல்லாம் பக்கா. விண்ணப்பத்தை வாங்கியவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "டி.டி.எட். எங்கம்மா?" இல்லை. பட்டம் மட்டும்தான்.

"பணியிலுள்ள ஆசிரியர்" என்று படித்துவிட்டு முன்னாலுள்ள "பயிற்சி பெற்ற" என்ற சொல்லை விட்டுவிடுறாங்க. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி தொலைநிலை பி.எட்.டுக்கு இரண்டே வாசல்: தொடக்கக் கல்வியில் பயிற்சி பெற்று இப்போது பணியில் இருப்பவர், அல்லது குழுமம் அங்கீகரித்த ஆசிரியர் பயிற்சியை நேர்முக முறையில் முடித்தவர். வெறும் பட்டதாரிக்கு எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் கல்லூரியில் நேரில் இரண்டாண்டுதான். அந்த அம்மா சான்றிதழை நாலாக மடிச்சுப் பர்ஸில் வச்சாங்க. அதுவரை மடிப்பு விழாமல் ஃபைலில் கொண்டு வந்த தாள்.

வைகைக்கரை:
மூன்றாம் மணி சொல்வதில் பாதி சரி. பதவி உயர்வுக்காரருக்குப் பயிற்றுமொழி தேவையில்லை, ஒப்புக்கிறேன். ஆனா பதவி உயர்வு வர வருஷம் ஆகும்னு அவங்களே இடையில் நேரடி நியமனத்துக்கு டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதுறாங்களே. அப்போ அந்தக் காலி உறை திரும்ப வரும். சேரும்போதே யோசிக்கணும்னுதான் சொன்னேன். சமூக அறிவியலை எடுக்கச் சொன்னது நல்ல யோசனை, அதில் மறுப்பு இல்லை.

அலுவலக மணி:
கடைசி மேசையில் நடப்பது யாரும் சொல்லலை. டிஆர்பி அறிவிக்கை நாளில் எல்லாத் தகுதியும் கையில் இருக்கணும். ஒருவர் எல்லாத் தாளும் ஜூனில் எழுதித் தேர்ச்சி. ஒரே ஒரு அசைன்மென்ட் மட்டும் படிப்பு மையத்தில் பதிவாகவில்லை. கொடுத்ததற்கு ரசீது இல்லை. முடிவு டிசம்பர் தேர்வோடு வந்தது, இடையில் அறிவிக்கை போய்விட்டது. சரிபார்ப்பவர் மதிப்பெண் பட்டியலைத் திருப்பி, தேதிக்கு நேராகப் பென்சிலால் சின்னதாகக் கோடு போட்டார். பேசவே இல்லை.

அசைன்மென்ட் கொடுக்கும்போது முதல் பக்க நகலில் மையத்தின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கோங்க. இணையதளத்தில் உங்க பெயருக்கு நேரே மதிப்பெண் ஏறியிருக்கான்னு மாதம் ஒருமுறை பாருங்க. இன்னொன்று, பட்டச் சான்றில் பாடத்தின் பெயர் வெறுமனே "கணிதம்", "இயற்பியல்" என்று இல்லாமல் கூட ஒரு சொல் ஒட்டியிருந்தால், பி.எட்.டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இணைத்தன்மை அரசாணை (அந்தப் படிப்பு மூலப் பாடத்துக்குச் சமம் என்று சொல்லும் ஆணை) இருக்கிறதான்னு தேடுங்க. அரசாணை பல்கலைக்கழகத்தின் பெயரையும் படிப்பின் பெயரையும் சேர்த்துத்தான் வரும். பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் அதே பெயருள்ள படிப்புக்கு வந்த அரசாணை உங்களுக்குச் செல்லாது. பத்து, பன்னிரண்டு முறையாக முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலையில் பட்டம் வாங்கியவர்கள் 2009 ஆகஸ்ட் 18 தேதியிட்ட அரசாணை 107ஐ எடுத்துப் படிங்க. அரசுப் பணிக்கு அந்தப் பட்டம் ஏற்கப்படாது, அதன் மேல் எத்தனை பி.எட். போட்டாலும்.

கரும்பலகை:
அந்த டீச்சர் என்ன ஆனாங்கன்னு தனிச்செய்தியில் நாலு பேர் கேட்டுட்டீங்க. பையிலிருந்த பயிற்சித்தாள் கட்டை எடுத்து மேசையில் வச்சாங்க. எல்லாத் தாளிலும் பிள்ளைகளே தேதி எழுதியிருந்தாங்க. ஜனவரி 11. தேர்வாளர் அதைப் பார்த்துவிட்டு ரெக்கார்டைத் திருப்பிக் கொடுத்தார், தேதிகளைத் திருத்தி வழிகாட்டி ஆசிரியரின் சுருக்கொப்பத்தோடு மூன்று நாளில் கொண்டு வரச் சொல்லி.