வார்னிங் லெட்டரில் கையெழுத்து போட்டால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமா?

நேற்று சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தார். மேலே ‘முதல் எழுத்துபூர்வ எச்சரிக்கை’ என்று இருந்தது. இந்த மாதம் 6, 11, 19 ஆகிய மூன்று நாட்கள் தாமதமாக வந்தேனாம். 6, 11 உண்மைதான், இருபது நிமிடம் தாமதமாகத்தான் போனேன். ஆனால் 18ஆம் தேதி ராத்திரி பதினொன்றரை மணி வரை பழுதான மெஷின் பக்கத்திலேயே நின்றிருந்தேன், ‘காலையில் பத்து மணிக்கு வந்தால் போதும்’ என்று சூப்பர்வைசரே சொன்னார், அதனால்தான் 19ஆம் தேதி பத்து மணிக்குப் போனேன். கடிதத்தின் அடியில் ‘மேற்கண்டவற்றைப் படித்து ஏற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி, அதன் கீழே கையெழுத்துக்கு இடம். இன்னும் போடவில்லை, நாளைக்குள் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு வருஷத்தில் யாரும் என்னை வாய் வார்த்தையாகக்கூட கண்டித்ததில்லை. அடுத்தது வேலையை விட்டு அனுப்புவதுதானா? ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்லை.

பதில் 1

முதலில் தூங்குங்கள். முதல் எச்சரிக்கையோடு யாரையும் அனுப்புவது வழக்கமில்லை. பெரும்பாலான இடங்களில் வாய்மொழி எச்சரிக்கை, எழுத்தில் முதல் எச்சரிக்கை, இறுதி எச்சரிக்கை, அதற்கு அப்புறம்தான் வேலைநீக்கம். திருட்டு, அடிதடி மாதிரி விஷயங்களுக்குத்தான் இந்தப் படிகளைத் தாண்டிப் போவார்கள்.

நான் பல வருஷம் எச்.ஆர். பிரிவில் இருந்தவள். கடிதம் கைக்கு வந்தது என்பதற்குக் கையெழுத்து போடுவது வேறு, அதில் சொன்னதெல்லாம் சரி என்பதற்குப் போடுவது வேறு. உங்கள் கடிதத்தில் இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துவிட்டார்கள், அதுதான் சிக்கல். அந்த வரியை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மாட்டோம் என்றால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கைப்பட ‘கடிதம் பெற்றுக்கொண்டேன், 19ஆம் தேதி குறித்துச் சொல்லியிருப்பதை ஏற்கவில்லை, விளக்கம் தனியாகத் தருகிறேன்’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்து போடுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

இன்னொன்று, இந்த எச்சரிக்கை எத்தனை மாதத்துக்குச் செல்லும் என்று எழுத்தில் கேளுங்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று பல கம்பெனிகளில் கணக்கு உண்டு. அது தெரியாவிட்டால் மூன்று வருஷம் கழித்து ஒரு சின்னத் தவறுக்கு இதையே தூக்கிக்கொண்டு வருவார்கள்.

பதில் 2

நான் கையெழுத்து போட மாட்டேன் என்று மறுத்தவன், அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள். கோபத்தில் கடிதத்தை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதி, இரண்டு பேரைச் சாட்சிக் கையெழுத்து போடவைத்து ஃபைலில் சேர்த்துவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து பதவி உயர்வு பேச்சு வந்தபோது அந்த ஃபைலைத்தான் படித்தார்கள், அதில் என் பக்கத்து நியாயம் ஒரு வரிகூட இல்லை. நான் வாயால் சொன்னது எதுவும் யாருக்கும் நினைவில் இல்லை.

பதில் 3

சட்டம் என்று பார்த்தால் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரி. ஆனால் பொதுவான அளவுகோல் ஒன்று இருக்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1982இல் கொண்டுவந்த 158ஆம் உடன்படிக்கையின் 7ஆவது பிரிவு, நடத்தையையோ வேலைத் திறனையோ காரணம் காட்டி ஒருவரை நீக்கும் முன் அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு தரவேண்டும் என்கிறது. அதோடு வந்த 166ஆம் பரிந்துரை, திரும்பத் திரும்பச் செய்தால் மட்டுமே நீக்கக்கூடிய தவறு என்றால் முன்கூட்டியே எழுத்தில் எச்சரித்திருக்க வேண்டும் என்கிறது. பதில் சொல்லும்போது உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்றும் அதில் இருக்கிறது. எல்லா நாடும் அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை, பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது, அதனால் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் கம்பெனி விதிப் புத்தகத்தையும் பாருங்கள். யூனியன் இருந்தால் இன்றைக்கே போய்ப் பேசுங்கள்.

பதில் 4

தம்பி, நான் இந்த மாதிரிக் கடிதம் கொடுக்கிற இடத்தில் இருப்பவன். விளக்கம் எழுதும்போது 6, 11 இரண்டையும் முதல் வரியிலேயே ஒத்துக்கொள். அப்போதுதான் 19ஐப் பற்றி நீ சொல்வதை நம்பிப் படிப்பார்கள். ‘அவனும்தான் லேட்டாக வருகிறான், அவனுக்கு ஏன் கொடுக்கவில்லை’ என்று மட்டும் எழுதாதே, அதைப் படித்ததும் மற்ற எல்லாம் அடிபட்டுப் போகும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். சூப்பர்வைசர் சொன்னது வாய் வார்த்தையா, மெசேஜா? மெசேஜ் என்றால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ஃபோனில் தேடினேன், சூப்பர்வைசரின் மெசேஜ் இருக்கிறது, 18ஆம் தேதி இரவு 11.42க்கு வந்தது. ஒன்பது வரியில் விளக்கம் எழுதி, அதையும் சேர்த்து இன்று காலை கொடுத்தேன் அண்ணா, 6, 11 என் தவறு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அந்த ‘ஏற்றுக்கொள்கிறேன்’ வரியை மாற்ற மாட்டோம் என்றார்கள். அக்கா சொன்ன மாதிரி கைப்பட எழுதிக் கையெழுத்து போட்டேன், மேனேஜர் முகம் சுளித்தார், ஆனால் வாங்கிக்கொண்டார். என் நகலில் ‘பெறப்பட்டது’ என்று எழுதி முத்திரையும் வைத்துக் கொடுத்தார்கள். 19ஐ விசாரித்து அடுத்த வாரம் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற இரண்டு நாளுக்கான எச்சரிக்கை ஆறு மாதம் நிற்குமாம், அதையும் மெயிலில் எழுதி வாங்கிவிட்டேன்.