சில படங்களுக்கு மட்டும் 5.1 வரவில்லை, நடு ஸ்பீக்கர் ஊமையாகிவிடுகிறது

பின்வரிசை:
வணக்கம் நண்பர்களே. மூன்று நாளாக இதே வேலையாக உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் இருப்பது எச்டிஎம்ஐ இல்லாத பழைய 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்). கணினியிலிருந்து ஆப்டிகல் கேபிள் போகிறது. விஎல்சி பிளேயரில் பாஸ்த்ரூவை, அதாவது ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் வசதியை, ஆன் செய்து வைத்திருக்கிறேன். சில படங்களுக்கு ரிசீவரின் முகப்பில் 'டால்பி டிஜிட்டல்' என்று எரியும், எல்லா ஸ்பீக்கரும் பேசும். வேறு சில படங்களுக்கு 'பிசிஎம்' (சுருக்காத ஒலி) என்று வரும். அப்போது நடுவிலும் பின்னாலும் சத்தமே இல்லை.

அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவருக்காகவே நடு ஸ்பீக்கரை மட்டும் 4 டெசிபல் கூட்டி வைத்திருக்கிறேன். பின்னணி இசையை மீறி வசனம் கேட்கும். 'பிசிஎம்' வந்துவிட்டால் அதற்கு வழியில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுகிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கேபிளை மாற்றினேன், பிளேயரை நீக்கி மறுபடி நிறுவினேன், சவுண்ட் டிரைவரையும் புதுப்பித்தேன். விண்டோஸில் 5.1 என்று மாற்றலாம் என்றால், ஆப்டிகலுக்கு அந்தத் தேர்வே வரவில்லை.

ஒலிக்கீற்று:
படம் ஓடும்போது டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷனைத் திறங்கள். சரியாக வரும் படம் ஒன்று, வராத படம் ஒன்று. இரண்டிலும் ஆடியோவுக்கு நேரே இருப்பதை அப்படியே எழுதுங்கள். சேனல்ஸ் வரி முக்கியம். அப்புறம், ஆடியோ ட்ராக் இரண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் ட்ராக் வெறும் ஸ்டீரியோவாக இருக்கலாம்.

பின்வரிசை:
பார்த்தேன். ட்ராக் ஒன்றுதான். சேனல்ஸ் இரண்டிலுமே '3எஃப்2ஆர்/எல்எஃப்இ'. ஆனால் சரியாக வரும் படத்தில் கோடெக் (ஒலியைச் சுருக்கிய முறை) 'ஏ52', வராததில் 'எம்பெக் ஏஏசி'.

கம்பிவழி:
அப்படியானால் உங்கள் கோப்பிலும் குறை இல்லை, பிளேயரிலும் இல்லை. 3எஃப்2ஆர் என்றால் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு. எல்எஃப்இ என்பது சப்வூஃபருக்கு. ஆறு சேனலும் உள்ளே இருக்கின்றன. ஒலி தொலைவது ஆப்டிகல் வழியில்தான்.

அந்த இணைப்பு ஸ்டீரியோவுக்காக உருவானது. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், இரண்டு சேனல் என்றால் நொடிக்குச் சுமார் 1.5 மெகாபிட். ஆறு சேனலைச் சுருக்காமல் அனுப்ப 4.6 வேண்டும், அதற்கு அங்கே இடமில்லை. ஏ52, அதாவது டால்பி டிஜிட்டல், அதிகபட்சம் 640 கிலோபிட்தான். அதனால் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே போய், ரிசீவரில் பிரிகிறது. டிடிஎஸ் என்ற இன்னொரு சுருக்க முறையும் இப்படித்தான் போகும். ஏஏசியைப் பிரிக்க உங்கள் ரிசீவருக்குத் தெரியாது. பிளேயரே பிரித்து, இரண்டு சேனலாகக் கலந்து அனுப்புகிறது. நடு சேனல் வசனம் இடப்பக்க, வலப்பக்க ஸ்பீக்கர்களில் கரைந்துபோகிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். டால்பி படம் ஓடும்போது விஎல்சியின் ஒலியளவைக் குறைத்தாலும் சத்தம் குறையாது. ஏஏசி படத்தில் குறையும்.

எச்டிஎம்ஐ இல்லாததால் எளிய வழி, ஆறு சேனலையும் ஓடும்போதே டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்புவது. 'கோடி' என்ற இன்னொரு பிளேயரில் இந்த வசதி உண்டு. செட்டிங்ஸ் நிலையை 'எக்ஸ்பர்ட்' ஆக்கி, சிஸ்டம், ஆடியோ போங்கள். வெளியீட்டுக்கு 'வாசாபி' என்று தொடங்கும் ஆப்டிகல் சாதனத்தைத் தேர்ந்தெடுங்கள். பாஸ்த்ரூவை அனுமதித்து, ஏசி3 (டால்பி டிஜிட்டலின் இன்னொரு பெயர்) ரிசீவர் என்பதையும் ஏசி3 ட்ரான்ஸ்கோடிங்கையும் ஆன் செய்யுங்கள். சேனல் எண்ணிக்கையை 2.0 என்றே வையுங்கள். 5.1 வேண்டும் என்பவர்கள் எல்லாரும் அங்கேதான் 5.1 போட்டுவிட்டுத் தவிக்கிறார்கள். அந்த எண் சொல்வது இணைப்பின் கொள்ளளவை, ஸ்பீக்கர்களின் எண்ணிக்கையை அல்ல.

மெல்லிசை:
இவ்வளவு எதற்கு? ரிசீவரில் ப்ரோ லாஜிக் 2 இருந்தால் அதைப் போடுங்கள். ஸ்டீரியோவிலிருந்தே நடு ஸ்பீக்கருக்கு ஒலி எடுத்துக் கொடுக்கும்.

கம்பிவழி:
அவசரத்துக்கு நல்லதுதான். ஆனால் அது ஊகித்துப் பிரிப்பது. இசையில் பாதியும் வசனத்தோடு நடுவில் வந்து உட்காரும். அவர் அம்மாவுக்கு வேண்டியது வசனம் தனியாக.

பின்வரிசை:
கம்பிவழி அண்ணா, வந்துவிட்டது! முதலில் நானும் 5.1 என்றுதான் வைத்தேன், 'பிசிஎம்' மாறவில்லை. 2.0 ஆக்கிவிட்டு அதே படத்தைப் போட்டேன். முகப்பு ஒரு கணம் அணைந்தது, 'டால்பி டிஜிட்டல்' எரிந்தது. நடு ஸ்பீக்கரின் வலைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பேச்சுக்குப் பேச்சு அதிர்ந்தது.

சத்தத்தை இனி ரிசீவர் ரிமோட்டில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும், அது பரவாயில்லை. நேற்று இரவு அம்மா கடைசிக் காட்சி வரை உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு முறைகூட "என்ன சொன்னான்?" என்று கேட்கவில்லை.